மேகம் மறைக்காத பார்வை: நிசார் செயற்கைக்கோளும் கல்வராயன் மலையும்

2025 ஜூலை 30 அன்று மாலை 5.40 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி எஃப்-16 ஏவூர்தி சுமந்து சென்ற நிசார் செயற்கைக்கோள், பூமியின் மீதே கண் வைத்திருப்பதற்காக அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 747 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றிக்கொண்டே, உலகின் நிலப்பரப்பை ஏறக்குறைய முழுவதுமாக, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வந்து அளப்பதே அதற்கு விதிக்கப்பட்ட வேலை. அமெரிக்காவின் நாசாவும் இந்தியாவின் இஸ்ரோவும் 2014 செப்டம்பர் 30 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இரு தரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் செலவில் உருவாக்கிய இந்தச் செயற்கைக்கோளின் எடை 2,392 கிலோகிராம். அதன் பாதைக்குக் கீழே வரும் நிலங்களுள் கல்வராயன் மலையும் ஒன்று.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்த ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்; 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்படும் வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்த, கல்வராயன் மலை தொட்டுநிற்கும் கள்ளக்குறிச்சிக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. ஆயினும் விண்வெளித் துறை ஒரு மலைநாட்டு மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுவது நிலவுப் பயணங்களைக் காட்டிலும் நிசார் போன்ற முயற்சிகளின் வழியாகவே என்பதும், கல்வராயன் போன்றதொரு மலைக்கு இந்தச் செயற்கைக்கோள் குறிப்பாக ஏற்றது என்பதும் விரிவாகச் சொல்லப்பட வேண்டியவை. அதற்கு முதலில் அந்த மலையின் இயல்பை அறிய வேண்டும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன், கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரையிலான உயரங்களில் விரிந்து கிடக்கிறது. வடபுறம் சற்றுத் தாழ்ந்த சின்னக் கல்வராயன் என்றும் தென்புறம் உயர்ந்த பெரிய கல்வராயன் என்றும் அதனை இரண்டாகப் பகுப்பது வழக்கம். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டத்தில் மிகுதியாக வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். ஜாகிர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த இவர்களின் ஊர்கள் 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் முழுமையாக வந்தன. மலையின் கிழக்குச் சரிவில் தோன்றும் கோமுகி ஆறு கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையிலும், மணி, முக்தா என்னும் ஆறுகளின் நீர் சூளாங்குறிச்சி மணிமுக்தா அணையிலும் தேங்கி, பின்னர் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேர்கின்றன. கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி, மணிமுக்தாவினுடையது 36 அடி. இந்தச் சிறிய அணைகள் நிறைவதும் நிறையாமற்போவதும் மலைமீது பெய்யும் மழையையே பெரிதும் பொறுத்தவை. அந்த மழையில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொண்டுவருகிறது.

விண்ணிலிருந்து நிலத்தை ஆராய்வதில் இந்தியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்த அதன் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐஆர்எஸ்-1ஏ, சோவியத் ஒன்றியத்தின் பைக்கானூர் தளத்திலிருந்து 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்டது. அதன் ஒரு கருவி 72.5 மீட்டர் பரப்பை ஒரு புள்ளியாகவும் மற்றொன்று 36.25 மீட்டர் பரப்பை ஒரு புள்ளியாகவும் காட்டின. தொலையுணர்வு என்பது, ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் கதிர்களைக் கொண்டு அதன் தன்மையை அறிவது. அந்த வரிசையில் வந்த செயற்கைக்கோள்களிற் பெரும்பாலானவை சூரிய ஒளி நிலத்தின்மீது பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்பவை என்பதால், பகலும் தெளிந்த வானமும் இருந்தால் மட்டுமே அவற்றால் பார்க்க முடியும். இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை வெளியிட்டு வரும் காடுகளின் நிலை அறிக்கைக்கு இத்தகைய ஒளிப்படங்களே அடிப்படை. மரங்கள் இலையுடன் இருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களே அப்பணிக்கு ஏற்றவை என்று அந்நிறுவனம் கருதுகிறது. வட இந்தியாவில் மழைக்காலம் முடிந்து வானம் வெளுக்கும் அந்த மாதங்களே கல்வராயன் மலையில் மழைமேகம் கவியும் மாதங்கள். ஓடைகள் பெருகி, மண் ஊறி, பயிர் நிற்கும் அந்தப் பருவத்தில், ஒளியை நம்பிய கண்களுக்கு மலை பல நாட்கள் வெண்மேகப் பரப்பாகவே தெரிந்து வந்திருக்கிறது.

நிசார் ஒளியை நம்பி இயங்கவில்லை. அது நுண்ணலை எனப்படும் வானொலி அலைகளைத் தானே நிலத்தை நோக்கிச் சாய்வாக அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியின் வலிமையையும் நேரத்தையும் அலையின் நிலையையும் பதிவு செய்கிறது. ரேடார் என்பது இம்முறையின் பொதுப்பெயர். மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் மிகச் சிறியவை. நிசார் பயன்படுத்தும் அலைகளுள் எல் பட்டை எனப்படுவதன் அலைநீளம் 24 சென்டிமீட்டர், எஸ் பட்டையினுடையது ஏறத்தாழ 9.4 சென்டிமீட்டர். தம்மினும் மிகச் சிறிய துளிகளை இவ்வலைகள் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகின்றன. தனக்கு வேண்டிய அலையைத் தானே அனுப்புவதால் இரவும் பகலும் அதற்கு ஒன்றே. தமிழ்நாட்டின் மீது அது ஏறத்தாழக் காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் கடந்து செல்கிறது.

ஆனால் நீண்ட அலைகளுக்கு ஒரு குறை உண்டு. அலைநீளம் கூடக்கூட, நுட்பமான படம் எடுக்கத் தேவைப்படும் ஆன்டெனாவின் அளவும் கூடிக்கொண்டே போகும். 747 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எல் பட்டை அலையைக் கொண்டு பத்து மீட்டர் அளவிலான விவரங்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் அகலமுள்ள ஆன்டெனா வேண்டும். அத்தகையதொன்றை எவராலும் விண்ணுக்கு அனுப்ப இயலாது. இதற்கான தீர்வை அமெரிக்கப் பொறியாளர் கார்ல் வைலி 1951இலேயே கண்டறிந்தார். செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நகரும்போது, நிலத்தின் ஒரே இடம் அதன் பார்வையில் சிறிது நேரம் தொடர்ந்து இருக்கிறது. அந்த நேரத்தில் வெவ்வேறு நிலைகளிலிருந்து அனுப்பிப் பெறப்பட்ட எதிரொலிகள் அனைத்தையும் கணக்கீட்டின் மூலம் ஒன்றுசேர்த்தால், ஒரு மிகப்பெரிய ஆன்டெனா பார்த்தது போன்ற நுட்பம் கிடைத்துவிடுகிறது. இல்லாத பெரிய ஆன்டெனாவைக் கணிதத்தால் உண்டாக்கும் இந்த முறைக்குச் செயற்கைத் துளை ரேடார் என்று பெயர். 1978இல் நாசா அனுப்பிய சீசாட் இத்தகைய கருவியைச் சுமந்த முதல் பொதுப்பயன் செயற்கைக்கோள். ஏவப்பட்ட சில மாதங்களிலேயே அது செயலிழந்தபோதும், அதன் படங்கள் இத்துறைக்கு வழி திறந்தன. நிசாரின் ஆன்டெனாவுக்குரிய எதிரொளிப்பான் 12 மீட்டர் குறுக்களவுள்ளது. பொன் பூசிய மெல்லிய கம்பிகளால் பின்னப்பட்ட அந்த வலை ஏவும்போது மடிக்கப்பட்டிருந்து, 2025 ஆகஸ்ட் 15 அன்று விண்ணில் குடைபோல விரிந்தது. எல் பட்டைக் கருவியை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும், எஸ் பட்டைக் கருவியை அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் உருவாக்கின. ஒரே செயற்கைக்கோளில் இவ்விரண்டு பட்டைகளும் ஒன்றாக இயங்குவது இதுவே முதல் முறை.

இரண்டு அலைநீளங்கள் எதற்கு என்பதற்குக் கல்வராயன் காடே விடை சொல்லும். நுண்ணலை தன் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுள்ள பொருள்களில் பட்டே பெரிதும் சிதறுகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் சி பட்டையின் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர், ஆகவே அவ்வலைகள் மர உச்சியின் இலைகளிலும் சிறு கிளைகளிலுமே பட்டுத் திரும்பிவிடும். 24 சென்டிமீட்டர் அலைகளோ இலைப்பரப்பை ஊடுருவி, பருத்த கிளைகளையும் அடிமரத்தையும் சில இடங்களில் தரையையும் தொட்டு மீள்கின்றன. அதனால் ஒரு ஹெக்டேரில் எவ்வளவு மரப்பொருள் நிற்கிறது என்று மதிப்பிட எல் பட்டை உதவுகிறது. இம்மதிப்பீட்டுக்கும் எல்லை உண்டு: ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 டன்னைத் தாண்டிய அடர்காடுகளில் எதிரொலி மேலும் வலுப்பதில்லை என்பதால் வேறுபாடு தெரியாமற்போகும். அமேசான் போன்ற காடுகளுக்காகவே ஐரோப்பிய விண்வெளி முகமை, ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடாருடன் பயோமாஸ் என்னும் செயற்கைக்கோளை 2025 ஏப்ரல் 29 அன்று ஏவியது. கல்வராயனிலோ உயர்ந்த இடங்களில் உள்ள சோலைகளை ஒதுக்கிவிட்டால், பெரும்பகுதி கோடையில் இலை உதிர்க்கும் காடும் முட்புதர்க் காடுமே. கடுக்காயும் புளியும் விளையும் இந்த நடுத்தரக் காடுகளே நிசாரின் அளவுகோலுக்கு மிகப் பொருந்தியவை.

காட்டின் பரப்பை மட்டும் சொல்லும் கணக்கின் போதாமை இங்கேதான் தெளிவாகிறது. வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத எந்த நிலத்திலும் மர நிழற்பரப்பு பத்து விழுக்காட்டைத் தாண்டினால், அது யாருக்கு உரியதாயினும் எத்தகைய மரங்களைக் கொண்டதாயினும் காட்டுப்பரப்பு என்றே எண்ணப்படுகிறது; புளியந்தோப்பும் பலாத்தோப்பும் இயற்கைக் காடும் அந்தக் கணக்கில் ஒன்றே. பரப்பு மாறாமல் இருக்கும்போதே காடு உள்ளுக்குள் மெலிந்து போகலாம். மரப்பொருளின் எடையை ஆண்டுதோறும் ஹெக்டேர் வாரியாக மதிப்பிடும் முறை வந்தால் அந்த மெலிவு எண்ணாகத் தெரியும். எனினும் எதிர்பார்ப்புக்கு அளவு வேண்டும். ஒரு ஹெக்டேரில் நிழற்பரப்பு பாதிக்கு மேல் அழிந்தால் அதனைக் கண்டறிவதே நிசாருக்கு வகுக்கப்பட்ட இலக்கு. இருளில் வெட்டிச் செல்லப்படும் ஒற்றைச் சந்தன மரம் அதன் கண்ணில் படாது. அதற்கு வனக்காவலரின் கால்நடையான சுற்றுக்காவலும் மலையூர் மக்களின் ஒத்துழைப்பும் இன்றி வேறு வழியில்லை.

மழையும் வெள்ளமும் இக்கதையின் மிக முக்கியமான பகுதி. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பின்னும் பல மணி நேரம் ஏறக்குறைய நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பிறகு வலுக்குறைந்து மேற்கே நகர்ந்தபோது ஊத்தங்கரையிலும் ஏறத்தாழ அதே அளவு மழை பதிவானது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட பாதையை ஒட்டியே கள்ளக்குறிச்சி மாவட்டம் இருக்கிறது. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வீட்டின்மேல் சரிந்து விழுந்து ஏழு பேர் உயிரிழந்தனர். டிசம்பர் 2 விடியலுக்கு முன் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டு, அந்த வெள்ளம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர் வழியாக விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்குள் புகுந்தது.

புயலின் போக்கைக் காட்டியவை இன்சாட் வரிசை வானிலைச் செயற்கைக்கோள்கள். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இந்தியாவை நோக்கியே நிற்கும் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை மேகங்களின் உச்சியிலிருந்து வெளிப்படும் வெப்பக்கதிரை இரவிலும் அளந்து, சிறு இடைவெளிகளில் படம் அனுப்புகின்றன. ஆனால் அவை காண்பது மேகத்தின் மேற்புறத்தை. மேகத்துக்குக் கீழே எந்த வயலில் நீர் நிற்கிறது, எந்த ஏரிக்கரை உடைந்திருக்கிறது என்பதைக் காட்ட ரேடாரே வேண்டும். அசைவற்ற நீர்ப்பரப்பு சாய்வாக வரும் நுண்ணலையைக் கண்ணாடிபோல அப்பால் தெறிக்கவிட்டுவிடுவதால், செயற்கைக்கோளுக்கு எதிரொலி திரும்புவதில்லை. படத்தில் வெள்ளம் கரிய திட்டாகத் தெரியும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைச் சுற்றியுள்ள கரும்பு வயல்களைப் போல உயர்ந்த பயிருக்கு நடுவே நீர் நின்றால் நிலைமை வேறு. அலை நீரில் பட்டுத் தண்டில் மோதி, அல்லது தண்டில் பட்டு நீரில் மோதி, வந்த வழியே திரும்பிவிடுவதால், அவ்வயல் வழக்கத்தினும் வெளிறித் தெரியும். பயிரின் மேற்பரப்போடு நின்றுவிடும் குறுகிய அலைகளுக்கு இந்த இரட்டை எதிரொலி எளிதில் புலப்படாது. எல் பட்டையின் ஊடுருவும் ஆற்றல் இங்கே நேரடியாகப் பயிர்ச்சேதக் கணக்குக்கு உதவக்கூடியது. மழை ஓய்ந்து நீர் வடிந்த பின்னர் வரும் அலுவலருக்கு, வயலில் எத்தனை நாள் நீர் நின்றது என்று உழவர் சொல்வதற்கு ஓர் ஆவணச் சான்று கிடைக்கும் என்பது சிறிய நன்மையன்று.

அதே வேளையில், நிசார் வெள்ள அபாய எச்சரிக்கைக் கருவி என்று நினைப்பது தவறு. பன்னிரண்டு நாள் சுற்றில் ஓரிடத்தின்மீது வடக்கு நோக்கி ஒருமுறையும் தெற்கு நோக்கி ஒருமுறையுமாக அது கடக்கிறது. சில மணி நேரத்தில் வந்து வடியும் காட்டாற்று வெள்ளம் அந்த இடைவெளிக்குள் நிகழ்ந்து முடிந்துவிடலாம். பல ரேடார் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தாலே இந்த இடைவெளி குறையும். 2022 பிப்ரவரி 14 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் இஓஎஸ்-04 அத்தகையது. அதற்குத் துணையாகப் போயிருக்க வேண்டிய இஓஎஸ்-09, 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி ஏவூர்தியின் மூன்றாம் கட்டத்தில் ஏற்பட்ட கோளாறால் இழக்கப்பட்டது. நிசார் ஏவப்படுவதற்குப் பத்து வாரங்களே முன்னதாக நேர்ந்த அந்த இழப்பு, செய்தித்தாள்களில் ஏவூர்தியின் தோல்வியாகவே பேசப்பட்டது. மழைக்காலத்தில் மேகத்துக்குக் கீழே பார்க்கும் இந்தியக் கண்களுள் ஒன்று குறைந்தது என்னும் கோணத்தில் அது போதிய அளவு பேசப்படவில்லை.

நிலச்சரிவைப் பற்றியும் மிகையான பேச்சு உண்டு. ஒரே பாதையில் இரு வேறு நாட்களில் எடுத்த ரேடார் பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, திரும்பி வந்த அலைகளின் ஏற்ற இறக்க நிலையை ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடலாம். இது அலைக் குறுக்கீட்டு முறை எனப்படுகிறது. அலை போய்த் திரும்புவதால், செயற்கைக்கோளை நோக்கியோ அதை விட்டு விலகியோ நிலம் 12 சென்டிமீட்டர் நகர்ந்தால் எல் பட்டையில் ஒரு முழு அலையின் வேறுபாடு தோன்றும். அதன் சிறு பகுதியையும் அளக்க முடியுமாதலால், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த அசைவு வரை அறியலாம். மரங்களும் செடிகளும் காற்றில் அசைந்து வளர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் மலைச்சரிவுகளில் குறுகிய அலைகளுக்கு இந்த ஒப்பீடு விரைவில் குலைந்துவிடும், நீண்ட அலைக்கு அது நிலைத்து நிற்கும் என்பது நிசாரின் சிறப்பு. ஆயினும் இம்முறை காட்டுவது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும் சரிவுகளை. திருவண்ணாமலையில் நிகழ்ந்தது போன்று பெருமழையில் ஊறிய மண்ணும் பாறையும் நொடிகளில் பெயர்ந்து விழுவதை அது முன்கூட்டிச் சொல்லாது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதை போன்ற சாலைகளுக்காகச் சரிவுகள் வெட்டப்பட்ட இடங்களில், மழைக்காலந்தோறும் எது சற்று இறங்குகிறது என்ற பட்டியலைச் சில ஆண்டுகளில் தயாரிக்க முடியும். தடுப்புச்சுவர் எங்கே முதலில் கட்டப்பட வேண்டும் என்று முடிவு செய்பவருக்கு அதுவே பெரிய உதவி.

மலை, ரேடாருக்கு எளிய நிலமும் அன்று. சாய்வாகப் பார்க்கும் கருவி ஒவ்வொரு புள்ளியையும் அதன் தொலைவைக் கொண்டே இடங்குறிக்கிறது. செங்குத்தான சரிவில் மலையடியைவிட மலையுச்சி கருவிக்கு அருகில் இருப்பதால், படத்தில் உச்சி அடிவாரத்துக்கு முன்னால் சாய்ந்து விழுந்தது போலப் பதிவாகும். எதிர்ப்புறச் சரிவுக்கோ அலையே எட்டாமல் அது நிழலில் மறையும். வடக்கு நோக்கிய கடப்பில் மறைந்த பக்கம் தெற்கு நோக்கிய கடப்பில் தெரியும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மலையைப் படிக்க வேண்டும். இத்திருத்தத்துக்குத் தேவையான உயர வரைபடமும் ரேடாரின் கொடையே: 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பறந்து உலக நிலத்தின் பெரும்பகுதிக்கு எடுத்த உயர அளவீடுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

வேளாண்மைக்கு வரும்போது எதிர்பார்ப்பும் நிலைமையும் சற்றே விலகி நிற்கின்றன. உலர்ந்த மண்ணைவிட ஈர மண் நுண்ணலையை வலுவாகத் திருப்புகிறது. மின்புலத்துக்கு நீர் காட்டும் எதிர்வினை உலர் மண்ணினுடையதைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு என்பதே காரணம். இதைக் கொண்டு நிலத்தின் ஈரப்பதத்தை 200 மீட்டர் கட்டங்களாக வரைந்து தருவது நாசாவின் திட்டம். 200 மீட்டர் கட்டம் என்பது ஏறத்தாழ பத்து ஏக்கர். சமவெளியில் மரவள்ளியோ மக்காச்சோளமோ ஒரே சீராக நிற்கும் இடங்களுக்கு இது பொருந்தும். கல்வராயனில் மழையை மட்டும் நம்பிச் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைக்கும் நிலங்கள் சரிவுகளில் துண்டு துண்டாக இருப்பவை. பத்து ஏக்கருக்குள் வயல், பாறை, புதர், ஓடை என எல்லாமே வந்துவிடும். ஆகவே மலைக்குரிய ஈரக் கணக்கைச் செய்ய, நிலத்தில் நட்ட ஈரமானிகளும் உள்ளூர் மழைமானிகளும் சேர்ந்தாக வேண்டும். விண்ணிலிருந்து வரும் எண்ணைத் தரையில் எடுத்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்தும் இந்த வேலையே தொலையுணர்வில் மிகுந்த உழைப்பைக் கேட்பது. எந்த இடத்தில் அது செய்யப்படவில்லையோ, அந்த இடத்துக்கு வரைபடம் அழகாக இருந்தும் நம்பத்தக்கதாக இராது.

நிசாரின் பதிவுகள் எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்கவை என்பது அதன் தொழில்நுட்பத்தினும் பெரிய செய்தி. எல் பட்டைத் தரவுகள் அமெரிக்காவின் அலாஸ்கா செயற்கைக்கோள் மையம் வழியாகவும், எஸ் பட்டைத் தரவுகள் ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளம் வழியாகவும் வழங்கப்படுகின்றன. மலைமக்களைப் பொறுத்தவரை இந்தத் திறந்த களஞ்சியத்தின் மதிப்பு, நில உரிமை பற்றிய கேள்வியில் மிகுதியாக வெளிப்படும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டுநிலத்தில் குடியிருந்து பயிரிட்டு வரும் பழங்குடியினருக்கு அந்நிலத்தின்மீது உரிமை வழங்குகிறது. அதன் விதிகள் ஏற்கும் சான்றுகளில் செயற்கைக்கோள் படங்களும் உண்டு. அந்நாளுக்கு முன்பே 2003இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-1, 2005 மே 5 அன்று ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 ஆகியவை விண்ணில் இயங்கிக்கொண்டிருந்தன. ஆனால் தனித்த ஒரு படம் ஏமாற்றவும் கூடும். ஓராண்டு விதைத்து, ஈராண்டு தரிசாக விட்டு, மீண்டும் விதைக்கும் மலைநிலம், தரிசுக் காலத்தில் எடுத்த படத்தில் புதர்க்காடாகவே தெரியும்; அந்தப் படத்தைக் காட்டி ஒருவரின் உழவை இல்லையென்று சொல்லிவிடலாம். 2012இல் திருத்தப்பட்ட விதிகள், செயற்கைக்கோள் படங்கள் பிற சான்றுகளுக்குத் துணையாகலாமேயன்றி அவற்றுக்கு மாற்றாக மாட்டா என்று கூறுவது இக்காரணத்தால் மிக நியாயமானது.

தனிப்படத்தின் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கவல்லது பன்னிரண்டு நாளுக்கொருமுறை மழையிலும் வெயிலிலும் தவறாமல் சேரும் ரேடார் பதிவு வரிசை. உழுத நிலத்தின் கரடான மேற்பரப்பு, முளைத்து வளரும் பயிர், அறுவடைக்குப் பின் வெறுமையான தரை ஆகிய ஒவ்வொன்றும் எதிரொலியில் தனித்தனி ஏற்ற இறக்கமாகப் பதியும்; பல ஆண்டுகளுக்கு அவ்வரிசையை அடுக்கிப் பார்த்தால், புதர்போலத் தோன்றும் நிலம் உண்மையில் முறைவைத்துப் பயிரிடப்படும் கொல்லை என்பது தெரியவரும். 2025இல் தொடங்கிய இந்த வரிசை 2005ஆம் ஆண்டின் நிலைமைக்கு நேர்ச்சான்று ஆகாது. இன்றைய பயிர்முறையையும் காட்டின் இன்றைய எல்லையையும் குறித்து இனி எழக்கூடிய வழக்குகளுக்கு அது சான்றாகும். வன உரிமைச் சட்டப்படி உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று முதலில் ஆராயும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. ஆகையால் பூநிதியில் குவியும் பதிவுகள், எடுத்த தேதியும் அளவுகோலும் தமிழில் குறிக்கப்பட்ட அச்சு வரைபடங்களாக வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் கூடும் கிராம சபைகளின் கைக்கு வந்துசேர வேண்டும். எந்தக் கொல்லையில் எந்த மாதம் சாமை விதைக்கப்பட்டது, எந்த ஆண்டு அது தரிசாக விடப்பட்டது என்பவற்றை அங்குள்ள உழவர்கள் அந்த வரைபடத்தின்மீதே குறித்துத் தந்தால், அத்தகவல் ஐதராபாத்தில் உள்ள ஆய்வாளர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத தரைச்சான்றாகவும் அமையும்.